சஹனில் உன் இடம்

அதிராம்பட்டினம்

மகன் ஃபாஜிலுக்கு உம்மா ஸலாத்துடன் எழுதுவது. அல்லாஹ் கிருபையால் இங்கே நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் நீ பொய்தான் சொல்வாய். லீவுக்கு வந்தவன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உன் மெயிலை மூடாமலே ஷார்ஜாவுக்குப் போய்விட்டாய். சாகலாமா என்று யோசிக்கிறவர்கள் கூடிப் பேசும் அந்த இன்டர்நெட் பக்கத்தில் நீ எழுதியதும், அவர்கள் உனக்கு எழுதியதும் அதில் வந்து கிடந்தன. உன் தங்கை ஹஃப்ஸா அழுதுகொண்டே எனக்குத் தமிழில் சொன்னாள். நான் அழவில்லை, எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கம்பெனியில் ஆள் குறைத்து உனக்கு வேலை போனதை முகம் தெரியாதவனிடம் சொல்கிறாய், பெற்றவளிடம் ஓவர்டைம் என்கிறாய். சாவுக்குப் பயமில்லையாம், அந்நிய மண்ணில் உன் மய்யித்தை யார் குளிப்பாட்டுவார்கள், தானே உயிரை விட்டவனுக்கு ஊரில் ஜனாஸா தொழவைப்பார்களா, உம்மா வெளியே தலைகாட்ட முடியுமா, இதுதான் பயமாம். அதற்கு ஒருத்தன், கொஞ்ச நாள் அழுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள், நீ தைரியசாலி என்று எழுதுகிறான். சொந்தப் பேரைச் சொல்லத் துணிவில்லாதவன் உனக்குத் தைரியம் சொல்ல வந்துவிட்டான். நான் மறப்பேன் என்று அவனிடம் யார் சொன்னது? கையில் கிடைத்தால் விளக்குமாறு பிய்ந்துவிடும். ஒரு பெண் மட்டும், பாவம், தனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்லி, உங்கள் அம்மாவிடம் சொன்னீர்களா என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கும் சேர்த்து துஆ கேட்டேன். உம்மா தாங்கமாட்டார்கள் என்று அவளுக்குப் பதில் எழுதியிருக்கிறாய். நான் எதைத் தாங்குவேன் என்று முடிவுசெய்ய நீ யாரடா? வேலை போனதைத் தாங்குவேன், நீ வெறுங்கையோடு வந்து கூடத்தில் கவிழ்ந்து படுத்துக் கிடந்தாலும் தாங்குவேன்.

உன் இடம் காலியானால் ஒருவருக்கும் தெரியாது என்றும் எழுதியிருந்தாய். உன் வாப்பாவிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நேற்று பக்கத்து வீட்டு அனீஸா கல்யாணத்தில் அவர் சஹன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். ஒரு சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும், அவரோடு மூன்று பேர்தான் இருந்தார்கள். பரிமாறுகிறவர் நாலாவதாக ஒருவரை உட்காரவைக்க வந்ததும், வாப்பா அந்த இடத்தில் கையை வைத்து மறித்து, “அது எம் மவன் எடம், அவன் வருவான்” என்றாராம். நீ ஷார்ஜாவில் இருப்பது ஊருக்கே தெரியும். நாலு பேர் சேராமல் எப்படிக் கைவைப்பது என்று மற்ற இருவரும் அப்படியே உட்கார்ந்திருக்க, சோறு ஆறிப்போயிற்று. கடைசியில் உன் மாமா சலாஹுதீன் அவரைக் கைப்பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஊர் என்ன பேசும் என்று பயந்தாயே, நேற்றே பேச ஆரம்பித்துவிட்டது. பேசட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

ஏசி கெட்டுவிட்டது என்று உன் அறையில் வந்து படுக்கிறானே உன் கூட்டாளி அஹமது கபீர், அது பொய், ஹஃப்ஸாதான் போன் போட்டு அனுப்பினாள். அவன்மேல் கோபப்படாதே, கோபம் இருந்தால் என்னிடம் காட்டு. தஞ்சாவூரில் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரை விசாரித்துவிட்டோம். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிப் போகலாம், வெட்கம் வேண்டாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஸலாமத்தும் தரட்டும். ஒன்று மறக்காதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்த உன் மாமா எதிரில்தான் நிற்கிறார். ஊரில் கழிக்க வந்த லீவை முறித்துக்கொண்டு உன்னைக் கூட்டிவர வந்திருக்கிறார், ஊர் திரும்ப உனக்கும் சேர்த்து டிக்கெட் வைத்திருக்கிறார். நீ படித்து முடித்தாலும் அவர் போகமாட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு அவரோடு கிளம்பு.

உன்மேல் தீராத கோபத்தோடு,
உம்மா ஹமீதா பானு