வெறும் வலை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாய் மட்டும் குறையவில்லை. போனில் சொன்னால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினாயே, உன் ஆராய்ச்சி மாணவி, அவள் கெட்டிக்காரி. எலக்ட்ரான் நுண்ணோக்கியைச் சீக்கிரமே பழகிவிட்டாள். கை நடுங்காமல் மாதிரியை ஏற்றுகிறாள், படம் பளிச்சென்று விழுகிறது. உனக்கு எழுதக் குறை ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

பயிற்சியின் முடிவில் என் வழக்கம் ஒன்று உண்டு. ஆளுக்கொரு மாதிரியைக் கொடுத்து, இதில் உள்ள நுண்துகள்களின் அளவைச் சொல்லுங்கள் என்பேன். கொடுப்பதோ துகளே வைக்காத வெறும் வலை. பொட்டு அளவு செம்பு வலை, மேலே மெல்லிய கார்பன் படலம், அவ்வளவுதான். பிள்ளைகள் தேடி அலுத்துப்போய், ஒன்றுமே இல்லையே மேடம் என்று வந்து நிற்பார்கள். தேறிவிட்டாய், போ என்பேன்.

உன் மாணவி சாயங்காலம் வரை இருக்கையை விட்டு எழவில்லை. கத்தையாகப் படங்களோடு வந்தாள். படலத்தில் இருந்த தூசியையும் கறையையும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் அளவு போட்டு, சராசரி வரை கணக்கிட்டிருந்தாள். அது வெறும் வலை என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் மேடம். ஆனா இல்லைன்னு சொல்லிக்கிட்டு எங்க சார் முன்னாடி போய் நிக்க முடியாது. அப்படியே பழகிடுச்சு."

அவள் அழக்கூட இல்லை.

போன மாதம் பெருமையாக எனக்கு ஒரு கட்டுரை அனுப்பினாய். பத்திரிகையில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றாய். அதில் உள்ள படங்களும் அவள் எடுத்தவைதான். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நானே அந்தப் படங்களை மறுபடி பார்த்தேன். துகள் என்று அளந்திருப்பவற்றில் பல, இதே தூசியும் கறையும் போலத்தான் தெரிகின்றன. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

நீ பொய் சொல்லச் சொல்லியிருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய், அவ்வளவுதான். அப்பாவும் நம்மை அடித்ததில்லை. மார்க் குறைந்த அன்று சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்து போவார். அதற்குப் பயந்து முப்பத்தொன்றை எண்பத்தொன்றாக்கியவன்தானே நீ? அந்தப் பேனா வேலையை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அது உன்னோடு போயிற்று. இது அப்படி இல்லையடா. இதை நம்பி எங்கேயோ இன்னொரு பிள்ளை தன் ஆராய்ச்சியைத் தொடங்கும்.

கட்டுரையை நீயே திரும்பப் பெற்றுக்கொள். பேர் கெடும்தான். பழைய மாதிரிகளை அவளிடமே கொடுத்து மறுபடி இங்கே அனுப்பு, நானும் அவளும் உட்கார்ந்து மறுபடி பார்க்கிறோம். அதிலும் ஒன்றும் இல்லாமல் போகலாம்.

அடுத்த வாரம் அவள் உன்னிடம் திரும்பி வருகிறாள். அந்த வெறும் வலையை அவளிடமே கொடுத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று கேள். ஒண்ணும் இல்ல சார் என்று அவள் சொன்னால், சரிம்மா என்று சொல். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அதைவிட எனக்கு என்ன வேண்டும்? இதைப் பற்றி வேறு யாருக்கும் எழுதும்படி மட்டும் என்னை வைத்துவிடாதே, கண்ணா.

உன் அக்கா