அப்பாவின் பெயரில் வந்த அழைப்பு

இலோயிலோ, பிலிப்பைன்ஸ்

அன்பு மகளுக்கு,

இன்று எனக்குப் போன் செய்து மிரட்டிய ஆள் ஹாங்காங்கில் உனக்கும் செய்தால் ஒரு பெசோகூட அனுப்பாதே. அப்பா வாங்கிய பழைய கடனாம். "இன்னிக்குள்ள கட்டலேன்னா வீட்டுக்குப் போலீஸ் வரும்மா. மக வேலையும் போயிடும்" என்றான். நீ வேலை செய்யும் வீட்டின் விலாசத்தை அப்படியே சொன்னான்.

"எந்தக் கம்பெனிப்பா? எழுத்துல அனுப்பு."

"எழுத்து எதுக்கு? போன வாரம்கூட உங்க வீட்டுக்காரர் ரொடெலியோ தர்றேன்னு பேசினாரே!"

அப்பாவை அடக்கம் செய்து மூன்று வருடம் ஆகிறது. அத்தனையும் பொய்யென்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும், "அவர் குரல் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன்தான் போனை வைத்தான். நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா