அலமாரிக்குள் கடல்

வண்டிப்பெரியார்,
ஞாயிற்றுக்கிழமை.

ஜெர்மனியில் பாடிக்கொண்டிருக்கும் என் பேத்தி மாரீஸ்வரிக்கு, அப்பத்தா சின்னத்தாய் மனம் நிறைந்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விடவில்லை. இதை உன் சிநேகிதி எப்சிபா போட்டோ எடுத்து அனுப்புவாள்.

உன் ஓபராவை இன்று பார்த்துவிட்டோம். எஸ்டேட் கிளப்பில் எப்சிபா திரை கட்டிக் காட்டினாள். ஏதோ ஒரு பழைய விசித்திரப் படத்தை எடுத்து, பேச்சே இல்லாமல் முழுக்கப் பாட்டாகச் செய்திருக்கிறார்கள் என்று நீ சொன்னதை எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். கல்யாண வீட்டில் அலமாரியைத் திறந்தால் கடல் வருகிறது. விருந்துக்கு வந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதென்ன கதை என்று ஒருத்தி கேட்டாள். ஏண்டி, நீ காரணம் கேட்டுவிட்டா கனவு காண்கிறாய் என்றேன்.

வேலைக்காரியாக நீ வந்ததும் எனக்கு வேறு யாரும் கண்ணில் படவில்லை. மணப்பெண் அலமாரிக்குள் இறங்கிப் போகும்போது குலவை போட்டாயே, தாயே! ஒருத்தி போட்ட குலவையைத் தனியாக விடலாமா? நான் போட்டேன். என் பின்னால் அத்தனை பெண்களும் போட்டார்கள். அதற்கப்புறம் நீ பாடியது யாருக்கும் கேட்கவில்லை. எப்சிபா தலையில் அடித்துக்கொண்டு திரும்ப ஓடவிட்டாள். திரும்பவும் போட்டுவிட்டோம்.

அப்பா பார்ப்பாரா என்று கேட்டிருந்தாய். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுப் பாட்டுக்குப் போனாய் என்று உன்னோடு பேசாமல் இருக்கிறவன், உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே குடை பிடித்து நின்றான். முடிந்ததும், அவன் பக்கத்தில் நின்ற அவன் கூட்டாளி சுடலைமணி, என்னடே செல்லத்துரை, உம் மக இந்தக் கத்து கத்துறா என்று சீண்டினான். உன் அப்பா விட்டானா? அத்தனை வாத்தியத்தையும் தாண்டி மைக் இல்லாமக் கேக்குதுடே, நீ பக்கத்துல நின்னு பேசுறதே எனக்குக் கேக்கல என்றான்.

நீ மைக் இல்லாமல் பாடுகிறாய் என்று எனக்கே தெரியாது. இவனுக்கு எப்படித் தெரியும் என்று எப்சிபாவிடம் கேட்டேன். போன வாரமே அவள் போனை வாங்கித் தனியாக உட்கார்ந்து முழுக்கப் பார்த்தானாம். துருவித் துருவிக் கேட்டானாம். எங்கம்மாவிடம் மட்டும் சொல்லாதே என்று என்னைத்தான் சொன்னானாம்.

மாரியாத்தா உன் தொண்டைக்குக் காவல் இருப்பாள். அவனாகக் கூப்பிட மாட்டான், என் வயிற்றில் பிறந்தவனை எனக்குத் தெரியாதா? நீ கூப்பிடு. எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பான். போனை வைத்துவிடாதே, தாயே.

உன் பேரைச் சொல்லித் திரியும்,
அப்பத்தா.