ஹெஸ்டர் கீறிய கோடு

சஃபோக், மிக்கேல் திருநாள் வாரம்

அன்பு மனைவி தாமசினுக்கு,

கர்த்தர் கிருபையால் எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையுமில்லை. உன் இருமல் நின்றதா? நம் மகள் ஹெஸ்டருக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா?

செவ்வாய்க்கிழமை பண்ணை வீட்டு மரச்சட்டத்தை நிமிர்த்தினோம். நம் பட்டறையில் அறுத்து, பூட்டிப் பார்த்து, எந்தத் துளைக்கு எந்தக் கட்டை என்று தெரிய மூட்டுக்கு மூட்டு உளியால் எண்ணிக்கைக் கோடு போட்டு வண்டியேற்றிய அதே ஓக் மரங்கள்தான். ஊரே வந்து கயிறு பிடித்தது. நான் உத்தரத்தின்மேல் உட்கார்ந்து நாலாம் சாய்வுக்கட்டையைத் துளையில் இறக்கினால், இறங்கவே மாட்டேன் என்கிறது. ஓங்கித் தட்டினேன். கட்டை நழுவியது, கூடவே நானும். முழங்காலில் சிராய்ப்புதான், பயப்படாதே.

கீழேயிருந்து மேஸ்திரி ஏபெல் கத்தினார்: "யோவ் ஜெர்வாஸ், இங்க நாலு கோடு போட்ட கட்டை இன்னொண்ணு கெடக்கு, மூணைக் காணோம்! எண்ணத் தெரியாம எதுக்குய்யா உளி புடிக்கிற?"

நழுவிய கட்டையை எடுத்துப் பார்த்தேன். மூன்று கோடுகள் நேராக, ஆழமாக இருந்தன. நான்காவது கோணல், ஆணியால் கீறியது. பட்டறையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே ஹெஸ்டர், அவள் வேலைதான்!

"அந்தக் கோணக் கோட்டைச் செதுக்கி எடுத்துடு" என்றார் ஏபெல். சரியென்று சொல்லிவிட்டு அப்படியே மூன்றாம் துளையில் மாட்டினேன்.

அந்தக் கட்டைக்கு அடியில்தான் படுக்கிறேன். நாளை சுவருக்கு வரிச்சு கட்டி மண் அப்புகிறார்கள், கோடு மறைந்துவிடும்.

கம்பளிக் காலுறை அனுப்பு. கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரன் அவசரப்படுத்துகிறான். காலுறையோடு ஒரு மரத்துண்டும் வை. அனுப்புமுன் ஹெஸ்டர் கையில் ஆணியைக் கொடு, அதில் அவள் இஷ்டத்துக்குக் கீறட்டும்.

உன்
ஜெர்வாஸ்