பாலாலயம் செய்த எங்கள் கோயிலுக்குக் ‘காலிக் கட்டடம்’ என்று பலகை வைத்தது பற்றி

அனுப்புநர்:
சாந்தினி த/பெ முருகையா,
ஐந்தாம் படிவ மாணவி,
மூன்றாம் லயம், ஹார்ட்லி தோட்டம்,
புக்கிட் செலம்பாவ், கெடா.

பெறுநர்:
சிறப்பு அதிகாரி அவர்கள்,
இந்தியர் நலப் பிரிவு,
மாவட்ட அலுவலகம்,
சுங்கை பட்டாணி.

பொருள்: டத்தோ லோகேஸ்வரன் அறவாரியத்தின் திருப்பணி நன்கொடை மீது ஐயம், தோட்டக் கோயில் இடிபடாமல் காக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற ஆண்டு எங்கள் இடைநிலைப்பள்ளியின் பரிசளிப்பு விழாவில், குறை இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள், நான் படிப்பேன் என்று தாங்கள் கூறினீர்கள். அதை நம்பி எழுதுகிறேன். மலாய்ப் படி ஒன்றையும் இணைத்துள்ளேன்.

1. ஹார்ட்லி தோட்டத்து மாரியம்மன் கோயிலை ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் தோட்ட மக்களே கட்டினார்கள். நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். கோயிலுக்குத் தனிப் பட்டா கிடையாது. வெள்ளைக்கார நிறுவனம் போனது, சீனர் நிறுவனம் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. எந்த முதலாளியும் கோயில் மேல் கை வைத்ததில்லை. அம்மன் உள்ளே இருக்கும்போது யாருக்கும் அந்தத் துணிவு வரவில்லை.

2. நான்கு ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தை வாங்கிய தனியார் முதலீட்டு நிதியின் தலைவர் டத்தோ லோகேஸ்வரன். எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளில், இரண்டாம் லயத்தில் பிறந்து, உதவிச் சம்பளத்தில் படித்து, கணக்காய்வாளராகி, கோலாலம்பூரில் இந்நிலைக்கு உயர்ந்தவர். எங்கள் பள்ளியில் அவர் படம் மாட்டியிருக்கிறது. பிறரிடம் பணம் திரட்டி நலிந்த நிறுவனங்களை வாங்குவதும், அவற்றைச் சீர்செய்து அதிக விலைக்கு விற்பதும் இத்தகைய நிதியின் தொழில். அது குற்றமன்று. ஆனால் எந்தச் சொத்தையும் ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருப்பதில்லை என்று அவரே ஒரு வணிக இதழில் கூறியிருப்பதை நூலகத்தில் படித்தேன். அதன்பின் பழைய நாளிதழ்களையும் தேடினேன். பேராக்கில் ஒரு தோட்டத்தில் அவர் அறவாரியம் மருந்தகம் திறந்தது. மறு ஆண்டே அந்தத் தோட்டம் வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஜொகூரில் கையுறைத் தொழிற்சாலை ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி நிதி கொடுத்தார். அத்தொழிற்சாலை இப்போது இல்லை. இவை தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

3. சென்ற ஆண்டு ஆடித் திருவிழாவில் டத்தோவுக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்தோம். கோயிலை முழுவதும் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் நடத்தித் தருவதாக அவர் அங்கேயே அறிவித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வது நம் முறை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அம்மனின் சக்தியைக் கலசத்து நீரில் இறக்கி, சிறு கொட்டகைக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு பலகையில் எழுந்தருளச் செய்வார்கள். கும்பாபிஷேகம் வரை பூசையெல்லாம் கொட்டகையில்தான். மூலஸ்தானத்தில் விளக்குக்கூட ஏற்றுவதில்லை.

கொட்டகையைக் கோயில் வளாகத்திலேயே போடுவதுதான் வழக்கம். ஆனால் அறவாரிய மேலாளர் திரு. சுகுமாரன், லாரி வந்து போகும், அம்மன் மேல் தூசு படும் என்று சொல்லி, பெரிய சாலைக்கு அப்பால், தோட்ட எல்லைக்கு வெளியே அதைப் போடச் செய்தார். அக்கறையாகச் சொல்கிறாரே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். மேளதாளத்தோடு அம்மனை நாங்களே சாலை தாண்டிக் கொண்டுபோய் விட்டோம்.

4. டத்தோ படம் எடுத்துக்கொள்ள வந்த வாரம் கோபுரத்தைச் சுற்றி இரும்புச் சாரம் நின்றது. அவர் போன சில நாட்களில் அதைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். ஏன் என்று கேட்டேன். “ரெண்டு வாரத்துக்குத்தான் சேவா எடுத்தாங்க தங்கச்சி. வேலை இருக்குன்னு யாரு சொன்னா?” என்றார் ஏற்றியவர். சாரம் வெறும் வாடகைக்கு எடுத்ததாம். மணலோ சிமெண்டோ இன்றுவரை வரவில்லை. அறவாரியத்தின் ஆண்டு மலரில் மட்டும் சாரத்தோடு எங்கள் கோயில் அட்டைப்படமாக இருக்கிறது.

5. சென்ற மாதம் நில அளவையாளர்கள் வந்து சிவப்பு முனை வைத்த முளைகளை அடித்தார்கள். முளை வரிசை பலிபீடத்துக்கும் வாசலுக்கும் இடையே போகிறது. கோயில் கதவில் ‘காலிக் கட்டடம், நுழையத் தடை’ என்று மலாயில் பலகை தொங்குகிறது. ரப்பர் உலர்த்திய பழைய புகைவீட்டருகே, கட்டடம் இடிக்கும் பேக்கோ இயந்திரம் ஒன்றும் வந்து நிற்கிறது. அதன் ஓட்டுநர் நம்மவர். பெயரை எழுதினால் அவருக்கு வேலை போய்விடும். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “சாமி இருக்கிற கோயில்ல கை வைக்க மாட்டேன்னு பாஸ்கிட்ட கறாரா சொல்லிட்டேன் பாப்பா. அப்புறந்தான் உங்க குருக்கள் பேசின வீடியோவக் காட்டினாங்க. உள்ள அம்மன் இல்லைன்னு அவரே சொல்றாரு. ஞாயித்துக்கிழமை வேலைய ஆரம்பிக்கணும்லா.”

6. பெடோங்கிலிருந்து வரும் எங்கள் குருக்களிடம் உடனே விசாரித்தேன். திரு. சுகுமாரன் பழத்தட்டோடு வந்து, இப்போது மூலஸ்தானத்தில் அம்மன் இருக்கிறாளா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று குருக்கள் சொல்லியிருக்கிறார். அது உண்மை. பாலாலயத்துக்குப் பின் வேறு பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். கைப்பேசியில் வீடியோ ஓடிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அம்மனைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாமே என்றேன். திருப்பணியும் கும்பாபிஷேகமும் இல்லாமல் திரும்ப அழைக்க முறையில்லை என்று சொல்லிக் கண் கலங்கினார்.

7. ஆலயத் தலைவர் காளிதாசன் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். “டத்தோ நம்ம லயத்துப் பிள்ளைலா. நீ ரொம்பப் புஸ்தகம் படிக்கிற” என்று சிரித்தார். ஆகவே சென்ற வாரம் பள்ளிப்பை வழங்க வந்த டத்தோவிடமே, கும்பாபிஷேகம் எந்த மாதம் ஐயா என்று மேடையருகே கேட்டேன். அவர், “கெட்டிக்காரப் பொண்ணு. லாயருக்குப் படிக்கிறியா? அங்கிள் பாத்துக்கிறேன்” என்றார். மூன்றாம் நாள் திரு. சுகுமாரன் வீட்டுக்கு வந்து, பல்கலைக்கழகம் முடியும்வரை அறவாரியமே என்னைப் படிக்க வைக்கும் என்றார். போகும்போது அப்பாவிடம், “பொண்ணு கொஞ்சம் பேச்சைக் குறைச்சா நல்லா வரும்ணே” என்றார்.

நான் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதில்லை. அம்மா மீது எனக்குக் கோபமில்லை. வழக்கறிஞர் ஆக வேண்டும் என்பது என் ஆசையும்தான். ஆனால் எங்கள் கோயிலை முதலில் காலி செய்ததும் ஒரு நன்கொடைதான் என்பதால் அந்தப் பணத்தை என்னால் நம்ப முடியவில்லை.

8. டத்தோ மனத்தில் இருப்பதை நான் அறியேன். என் ஐயம் தவறென்றால், திருப்பணி தொடங்கும் நாளில் அவர் முன்னால் நின்று எல்லோரும் கேட்க மன்னிப்புக் கேட்பேன்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தாங்கள் நேரில் வந்து, விசாரணை முடியும்வரை அந்தக் கட்டடத்தில் யாரும் கை வைக்காதபடி உத்தரவு பெற்றுத் தர வேண்டும். கும்பாபிஷேகத் தேதியை டத்தோவிடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். என் அப்பா தோட்டத்தில் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறார். அவரை அழைத்து விசாரிக்காமல் என்னையே பள்ளி வழியாக அழைக்க வேண்டுகிறேன்.

இன்னும் ஒன்று. அம்மன் உள்ளே இருக்கிறாளா என்று மட்டும்தான் குருக்களிடம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். அம்மன் திரும்பி வருவாளா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத் தாங்கள் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் அரசாங்கக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

இடம்: புக்கிட் செலம்பாவ்
நாள்: 15 செப்டம்பர் 2025

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
சாந்தினி த/பெ முருகையா