பராஹாஸ் தாடை

அன்பு மகன் லியாந்த்ரோவுக்கு, சான் ஹுவான் மாதாவின் கருணையால் இங்கே எல்லோரும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், அலாஸ்காக் குளிரில் நீயும் அப்படியே இருக்கத் தினமும் அவள் காலடியில் உன் பெயரை வைக்கிறேன்.

அப்பாவுக்குத் தாடை ஆபரேஷன் முடிந்தது. சோளக் கஞ்சியில் சர்க்கரை போதவில்லை என்று எரிந்து விழுகிறார், அதனால் பிழைத்துக்கொண்டார் என்று அர்த்தம். உள்ளே இருந்தது உன் தொமித்திலா அத்தை பீற்றிக்கொள்ளும் பராஹாஸ் வம்சத்துத் தாடை இல்லையடா, நீர்க்கட்டி. தாத்தா படத்தில் ஒரு கன்னம் புடைத்திருப்பதைக் காட்டி, எங்க வம்சத்து வீரம் என்று என் கல்யாண நாளிலிருந்து காதைத் துளைத்தாளே, அந்த வீரம் அத்தனையும் சீழ். அவள் அருமை மகன், பல் டாக்டர் எவாரிஸ்தோ, இதே இடத்தை இரண்டு முறை சுரண்டி, எடுத்த சதையைக் குப்பைக்கூடையில் போட்டான். சோதனைக்கு அனுப்பலையா என்றால், தண்ணிப் பைக்கு எதுக்கு மாமி சோதனை, நீங்க போய் ஜெபத்தைப் பாருங்க என்றான். அவனுக்குப் புத்தி வரத்தான் ஜெபித்தேன், அந்த ஒன்று மட்டும் இன்னும் கேட்கப்படவில்லை.

குவாதலஹாரா ஆஸ்பத்திரியில் சதையை மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். முதல் துண்டில் சொத்தைப் பல்லால் வரும் சாதாரணக் கட்டி மாதிரிதான் தெரிந்ததாம். சீழ் பிடித்த இடத்தில் கட்டியின் உள்தோல் உருக்குலைந்திருக்கும், அதை நம்பக் கூடாது என்று டாக்டர் ரெபேக்கா வேறு இடத்தில் சீவி மறுபடி சாயம் ஏற்றினார். திரையில் எனக்கும் காட்டினார். பீடத்து மெழுகுவர்த்திகள் போல ஊதாப் புள்ளிகள் ஒரே வரிசை, மேலே ரோஸ் நிறத்தில் அலையலையாய் ஓரம். அப்படித் தெரிந்தால் அது திரும்பத் திரும்ப வளர்ந்து எலும்பைத் தின்கிற வகையாம். அத்தையிடம் சொன்னேன், சாயத்துல முக்கினா எந்தத் துணியும்தான் நிறம் மாறும், இதுல என்னத்தடி கண்டுபிடிச்சாங்க என்கிறாள். இத்தனை வருஷம் துவைத்தும் கறை எது துணி எது என்று தெரியாதவளிடம் என்ன பேச.

இப்போது உன் விஷயம். அப்பாவுக்குத் தாடையின் இரண்டு பக்கமும் இருந்ததால் இது ரத்தத்தோடு இறங்குகிற வகையாக இருக்கலாம், பிள்ளைக்கும் வரலாம் என்கிறார் டாக்டர். நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய போட்டோவில் இடது கன்னம் புடைத்திருக்கிறது. அத்தை அதை முத்தமிட்டு, பையனுக்கும் நம்ம தாடை இறங்கிடுச்சு என்று தெரு முழுக்கக் காட்டினாள். பிடுங்கி வந்து மாதா படத்தடியில் வைத்திருக்கிறேன். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதே, அப்பாவுக்கும் வலிக்கவில்லை. இந்த வாரமே தாடையை எக்ஸ்ரே படம் எடு. அறுத்தால் சதையை எறிய விடாதே, இரண்டு இடத்தில் சீவிச் சாயம் ஏற்றச் சொல்.

புனித அப்பொலோனியா உன் பல்லையும் எலும்பையும் காக்கட்டும். படம் எடுத்த அன்றே எனக்குப் போன் செய், அத்தைக்குச் செய்யாதே.

பராஹாஸ் வம்சத்தில் பிறக்காத உன் அம்மா,
ஹெனோவேவா