டாக்டரிடம் காட்டாத முதுகு

சோழவந்தான், 1979 ஆவணி, வெள்ளி இரவு

பாப்பாவின் ஆறாவது விரலைக் காட்ட இன்று மதுரைக்குப் போனோம். அதிர்ஷ்டம் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லித் திரியும் விரல். டாக்டர் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "இது ஒண்ணும் பண்ணாதும்மா. வேற எங்கயாச்சும் குழி, முடின்னு இருக்கா? முதுகுல இருந்தா சொல்லுங்க, காலுக்குப் போற நரம்பைப் பாக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "அதெல்லாம் ஒண்ணும் இல்லய்யா" என்று துணியை இறுக்கிச் சுற்றிவிட்டார். தினமும் குளிப்பாட்டுவதே அவர்தான். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் இருக்கும் முடிக்கொத்து அவருக்குத் தெரியாதா? அரைஞாண் கயிற்றை அம்புட்டுத் தடிமனாகக் கட்டியது பின்னே எதற்கு?

பஸ்ஸில் காதோரம் சொன்னார். "விரல ஊரே பாக்கட்டும். பொட்டப்புள்ளைக்கு முதுகுல முடின்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன்டி கட்டுவான்?"

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "டாக்டரே ஒண்ணும் இல்லன்னுட்டாராம்ல, இன்னும் என்ன?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். தனியாக என்னைப் பஸ் ஏற விடமாட்டார்கள்.

தூக்கத்திலும் வலது பாதத்தைத் தொட்டாலே பாப்பா வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். இப்போது இடது பாதத்தைக் கிள்ளிப் பார்த்தேன், கொஞ்சம் பலமாகவே.

நன்றாகத் தூங்குகிறாள்.